ஷூ போட்டவனுக்கு ஷாக் அடிக்காது

புதிதாக வெல்ஃபேர் ஆபீசராகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அறைக்கு யாராவது தலைவலி மாத்திரை கேட்டு வந்தால் உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் தேடுங்கள். அலமாரியைத் திறந்து மூடுங்கள், மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். மாத்திரை கிடைப்பதற்குள் வந்தவர் வாயிலிருந்து ஏதாவது ஒன்று வரும். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். எனக்கு இந்த உத்தி தானாகவே கைவந்தது. மாத்திரையை எங்கே வைத்தேன் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது.

நான் இந்தப் பதவிக்கு வந்த கதையும் அப்படித்தான். இரண்டாயிரங்களின் நடுவில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் திடீரென்று திருப்பூர் பனியன் கம்பெனிகளின் குடிதண்ணீர், கழிவறை பற்றியெல்லாம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அப்படி வந்த ஒருவர், "இங்கே வெல்ஃபேர் ஆபீசர் யார்?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். லாரி வராததால் டிஸ்பேட்ச் செக்‌ஷனில் நான் சும்மா உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தேன். முதலாளி கை என் பக்கம் நீண்டது. அன்று லாரி நேரத்துக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் பாவம் எனக்கு நேர்ந்திருக்காது.

சேர்ந்த பிறகு ஷூ வாங்கினேன். எங்கள் கம்பெனியில் தொழிலாளிகள் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வெள்ளைத் துணியில் தூசி படக்கூடாது என்று ஏற்பாடு. ஆபீஸ் ஆட்கள் மட்டும் ஷூவோடு போகலாம். ஆபீஸ் ஷூவில் தூசி ஒட்டாது என்பதை எந்த விஞ்ஞானி கண்டுபிடித்தாரோ தெரியாது. நான் அந்த ஷூவைத் தினமும் பாலிஷ் போட்டு, டக் டக் என்று செக்‌ஷன் செக்‌ஷனாகச் சுற்றிவந்தேன். பெரிய ஆபீசர் என்று நினைப்பு.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எஸ்தர் மாத்திரை கேட்டு வந்தாள். அயர்ன் செக்‌ஷன் பெண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். நான் வழக்கம்போல் மாத்திரையைத் தேட, அவள் தலையைச் சாய்த்து நின்றாள். இடது காது சிவந்து வீங்கியிருந்தது.

"என்னம்மா காதுல?"

"கதவுல இடிச்சிட்டேன் சார்."

அந்தக் கதவுக்கு விரல்கள் இருந்திருக்கின்றன. கன்னத்தில் பதிந்திருந்தன.

"சரி, கதவு பேரு என்ன?" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் காது வலித்திருக்கும், கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் சொன்னாள்.

"சார், நான் சொல்லல. நீங்களாத்தான் கேக்கிய. அயர்ன் டேபிள்ல கரண்டு அடிக்கி. எப்பவும் லேசா சுர்ருங்கும். இன்னைக்கு ரொம்ப அடிச்சிச்சு. பயந்து அயர்ன் பாக்ஸ வச்சிட்டு, கரண்டு அடிக்கின்னு சொல்லி விலகி நின்னுட்டேன். ஷிப்மெண்ட் போற நேரத்துல நடிக்கியாட்டின்னு ஜெயராஜ் அண்ணன் கைய நீட்டிட்டாவ."

ஜெயராஜ் அந்த செக்‌ஷனின் சூப்பர்வைசர். வெறும் சூப்பர்வைசர் என்றால் விஷயம் சுலபம். எஸ்தரையும் அவள் ஊர்ப் பெண்கள் இன்னும் சிலரையும் அவர்தான் திருப்பூருக்கு அழைத்து வந்தவர். "நான் இருக்கேன், பாத்துக்கிடுதேன்" என்று பெற்றோர்களிடம் சொல்லி அழைத்து வந்தவர். பெண்கள் தங்கியிருந்ததும் அவர் வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டின் மாடியில். வேலை, வீடு, ஊரில் நல்ல பெயர் மூன்றும் ஒரே ஆளின் சட்டைப்பையில் இருந்தன. திருப்பூரில் பாதிக் கம்பெனி அப்படித்தான் ஓடியது.

"புகார் எழுதிக் குடுத்துடலாம்மா" என்றேன் கம்பீரமாக.

"ஐயோ, வேண்டாம் சார்! அண்ணன் ஒரு போன் போட்டாப் போதும், அம்மை வந்து கூட்டிட்டுப் போயிருவா. ஊர்ல போயி மறுபடி பீடிதான் சுத்தணும். நாள் பூரா குனிஞ்சே இருக்கணும் சார். இங்க நின்னுக்கிட்டு வேல, பாட்டு போடுதாவ, ஞாயித்துக்கெழம டவுனுக்குப் போலாம். அடுத்து ஓவர்லாக் மிஷின்ல உக்கார வைக்கேன்னு சொல்லிருக்காவ. நான் டெய்லராவணும் சார்."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். தைக்கிற மெஷினுக்கு முன்னால் ஓர் இடம். அதைக் காப்பாற்றத்தான் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லத் தயாராக இருந்தாள்.

இப்போது நான் செய்ததைக் கவனியுங்கள். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அவள் வெளியே போன பின்னாலேயே எழுந்து, டக் டக் டக் என்று நேராக அயர்ன் செக்‌ஷனுக்குப் போனேன். நேராக அவள் டேபிளுக்கே போனேன். எல்லோரும் பார்க்கக் கையை நீட்டி டேபிளின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தேன்.

ஒன்றும் இல்லை. இன்னொரு கையாலும் பிடித்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை.

"பாத்தியளா சார்?" என்றார் ஜெயராஜ், முகமெல்லாம் பல்லாக. "எல்லாம் சும்மா. வேலைக்கு டிமிக்கி குடுக்க இந்தப் பிள்ளைங்க சொல்லுத கத."

"நல்லாத்தானே இருக்குது" என்று நானும் தலையாட்டினேன். அயர்ன் பண்ணும் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு அட்டைத் துண்டின் மேல் நின்றிருப்பதைப் பார்த்தேன். பழைய கார்ட்டன் பெட்டியைக் கிழித்துப் போட்ட அட்டை. கால் வலிக்காமல் இருக்கப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, "நல்ல ஐடியாம்மா!" என்று பாராட்டிவிட்டு வேறு வந்தேன். ஒரு பெண்கூடப் பதில் சொல்லவில்லை. என் புத்திசாலித்தனத்தைக் கண்டு வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அமாவாசை பூஜை. கம்பெனி வாசலில் பாத்திமா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். செக்கிங் டேபிளின் மூத்த ஆள். திருப்பூர்க்காரர். கம்பெனியில் அவர் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டு பேர், ஒருவர் முதலாளி. இன்னொருவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"ஏனுங்க சார், உங்களுக்கு நடக்கத் தெரியாதுங்களா?"

"ஏனுங்கக்கா?"

"அந்தப் புள்ள உங்க ரூமிலிருந்து வருது. பின்னாலயே நீங்க அது டேபிளுக்கே போறீங்க. மைக் வெச்சே சொல்லியிருக்கலாமுங்க. நேத்து சாயங்காலமே ஜெயராஜு அவங்க ஊருக்குப் போன் போட்டாச்சு. 'உங்க புள்ளைக்கு இங்க சரிப்படல, வேலையும் செய்யறதில்ல, ஊர் சுத்துது, வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு. நாளைக்குக் காலைல அந்தம்மா வர்றாங்களாம்."

எஸ்தர் வாயைத் திறந்து புகார் சொல்லவே இல்லை. நான் நடந்த நடைதான் புகார். தம்பி தங்கைகளே, யாராவது உங்களிடம் ஒன்றைச் சொன்னால் முதலில் நாலு இடம் சுற்றுங்கள். கேண்டீனில் சாம்பாரைக் குறை சொல்லுங்கள், கட்டிங்கில் போய் மாஸ்டரோடு அரட்டை அடியுங்கள், ஆறாவதாகவோ ஏழாவதாகவோ அந்த டேபிளுக்குப் போங்கள்.

பூஜை ஆரம்பித்தது. அமாவாசை பூஜைக்கு ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் கம்பெனி வழக்கம். முதலாளியே தட்டை எடுத்துக்கொண்டு எல்லா செக்‌ஷனுக்கும் போவார். அன்றைக்கு மட்டும் அவரும் வெறுங்கால், நாங்களும் வெறுங்கால். முந்தின நாளே குப்பையெல்லாம் கூட்டி, காலையில் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். அயர்ன் செக்‌ஷன் பளபளவென்று இருந்தது. அந்தப் பழைய அட்டைகளையும் குப்பையோடு கூட்டித் தள்ளியிருந்தார்கள். பூஜை முடிந்ததும் வேலை தொடங்க வேண்டும் என்று சுவிட்சை மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். பெண்கள் ஏனோ டேபிளை ஒட்டி நிற்காமல் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். பக்தி என்று நினைத்தேன்.

முதலாளிக்கு முதுகு வலி. தட்டை என்னிடம் கொடுத்து, "நீங்களே வையுங்க" என்றார். நான் விரலில் சந்தனத்தை எடுத்து, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, எஸ்தர் டேபிளின் சட்டத்தில் வைத்தேன்.

அடுத்து நடந்ததைப் பார்த்தவர்கள்தான் சொன்னார்கள். நான் "அய்யய்யோ" என்று சொன்னதாகச் சிலரும், "அம்மாயி" என்று என் தாய்வழிப் பாட்டியைக் கூப்பிட்டதாகச் சிலரும் இன்றுவரை வாதாடுகிறார்கள். தட்டு மேலே போனது. குங்குமம் முழுக்க முதலாளியின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. நான் பின்னால் தூக்கி எறியப்பட்டு, மடித்து அடுக்கியிருந்த பனியன் குவியலில் மல்லாந்தேன். பேக்கிங்குக்குத் தயாரான சரக்கு. நல்ல மெத்து மெத்தென்று இருந்தது. அந்தப் பக்கம் விழாமல் சுவர்ப் பக்கம் விழுந்திருந்தால் அடுத்த அமாவாசைக்கு என் போட்டோவுக்கும் சேர்த்துச் சந்தனம் வைத்திருப்பார்கள்.

ஒரு கணம் மொத்த செக்‌ஷனும் சிரித்தது. நியாயமான சிரிப்புதான். அதற்குள் முதலாளி பதறி, "என்னாச்சுங்க, என்னாச்சு!" என்று முன்னால் வந்தார். வழுக்கிய காலை ஊன்ற, அதே டேபிளைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!"

சுவரோரம் நின்ற அத்தனை பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ், மூலையிலிருந்து இந்தியில் ஒரு "மத் ச்சூனா!"கூட. அதோடு ஒருத்தி, "அட்டை போட்டு நில்லுங்க மொதலாளி!" என்று சேர்த்தாள்.

முதலாளியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"கரண்ட் அடிக்கும்னு எல்லாருக்கும் தெரியுமா?"

கத்தியது தாங்கள்தானா என்று அவர்களுக்கே சந்தேகம் வந்ததுபோல் தரையைப் பார்த்தார்கள். கதவோரம் நின்ற பாத்திமா அக்காதான் வாயைத் திறந்தார்.

"எல்லாருக்கும் தெரியுமுங்க. உங்க வெல்ஃபேர் ஆபீசருக்கு மட்டும்தானுங்க தெரியாது."

அட்டையின் ரகசியம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது கால் வலிக்கானது அல்ல. டேபிளில் கரண்ட் கசிகிறது, துணிக்குத் தெளிக்கும் தண்ணீரால் தரையில் ஈரம், காலில் செருப்பு கிடையாது. ஆகவே அட்டை. புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தால் பழைய பெண்கள் அவளுக்குச் செய்யும் முதல் மரியாதை ஓர் அட்டைத் துண்டைக் கிழித்துக் கொடுப்பது. ஆபத்து அங்கே ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. அந்தப் பழக்கத்தை நான் ஷூ போட்டுக்கொண்டு சோதித்துப் பார்த்து சர்டிஃபிகேட் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கும் சொல்கிறேன், ஒரு இடம் பத்திரமா என்று பார்க்கப் போனால், அங்கே வேலை செய்கிறவர் எந்தக் கோலத்தில் நிற்கிறாரோ அந்தக் கோலத்தில் நின்று பாருங்கள். டேபிளைத் தொடுவதற்கு மட்டும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். என்னைப் போல் சந்தனம் வைக்காதீர்கள்.

முதலாளி அந்த செக்‌ஷன் மெயினை அணைக்கச் சொன்னார். ஷிப்மெண்ட் நின்றது. என்னைத் தன் அறைக்குக் கூட்டிப் போய்க் காப்பி வாங்கிக் கொடுத்தார். குங்குமச் சட்டையோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்குது. ஒருத்தருகூட ஏனுங்க சொல்லல?" என்றார்.

"சொன்ன புள்ளைக்கு அடி விழுந்துச்சுங்க."

"அடியா? யாருங்க அடிச்சது?"

"ஜெயராஜுங்க."

"யாரை?"

"அதைச் சொல்ல மாட்டேனுங்க."

முதலாளி கோபம் வந்தாலும் 'ங்க' போடுவதை விடாதவர். "நான் மொதலாளிங்க. சம்பளம் குடுக்கறவனுங்க."

"தெரியுமுங்க. அடிச்சவரு பேரை நான் சொல்றேன். அடி வாங்குனவ பேரை அவளைக் கேக்காம சொல்ல மாட்டேன். நேத்து நான் நடந்த நடைக்கே அவளுக்கு வேலை போகப் பாக்குது. கரண்ட் விஷயத்துக்கு வேற யாரும் வேண்டாம். எழுதற புகாருல என் பேரையே போட்டுக்கறேன். எனக்கு ஆதாரம் இருக்குதுங்க, உங்க சட்டை."

அவர் சட்டையைக் குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "நான் தொட்டிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அவரும் மனிதர்தான், பயம் என்றால் அவருக்கும் அதே ஈரத் தரைதான்.

அன்று மத்தியானம் நாலு இடம் சுற்றி, கேண்டீன் சாம்பாரைக் குறை சொல்லி, கடைசியாகத் தண்ணீர்க் குழாய் பக்கம் எஸ்தரைப் பார்த்தேன். அடி வாங்கியது யார் என்று முதலாளி கேட்டதையும், நான் சொல்லாததையும் சொன்னேன். இந்த முறை ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. "உனக்கு என்ன வேணும்மா?" என்று மட்டும் கேட்டேன். முந்தின நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவள் யோசித்தாள். "அம்மை வரட்டும் சார். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்."

சனிக்கிழமை காலை, எஸ்தரின் அம்மா ஒரு மஞ்சள் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கம்பெனிக்கு வந்துவிட்டார். ஒல்லியான, விறைப்பான பெண்மணி. முதலாளி அறையில் எல்லோரும் நின்றோம். ஜெயராஜ்தான் பேசினார். நன்றாகவே பேசினார்.

"நான் என்ன செய்ய அக்கா? நம்ம பிள்ளையாச்சேன்னு பொறுத்துப் பாத்தேன். வேலையில கவனமே கெடையாது. நாளைக்கு ஒண்ணுன்னா நாந்தான பதில் சொல்லணும்?"

அம்மா மகளைப் பார்த்த பார்வையில் மஞ்சள் பை ஏற்கெனவே திருநெல்வேலி பஸ்ஸில் ஏறிவிட்டது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாம் திரும்பிவிடும். தொண்டை வரை வந்துவிட்டது. பேசிப் பேசியே வயிறு வளர்த்தவன் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது அயர்ன் டேபிளைப் பிடிப்பதைவிடக் கஷ்டம். ஆனால் சொல்லாதே என்று சொன்னவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

நின்றவள் காதோரம் இருந்த முடியை ஒதுக்கினாள்.

"நேத்து மொதலாளி கேட்டாவளே, அடி வாங்குனது யாருன்னு. நாந்தான் சார் அது" என்றாள் முதலாளியிடம். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "கரண்டு அடிக்கின்னு சொன்னேன்ம்மா. அதுக்குத்தான் அடிச்சாவ. வேலையெல்லாம் ஒழுங்காத்தான் பாக்கேன்."

"பொய்!" என்றார் ஜெயராஜ். "சும்மா லேசா தட்டுனதுதான்..."

தன் வாயிலிருந்தே வந்துவிட்டதை அவரும் உணர்ந்திருப்பார். அதற்குள் பாத்திமா அக்கா, "நான் பாத்தேனுங்க" என்று அறைக்குள் வந்தார். அவருக்குப் பின்னால் அயர்ன் செக்‌ஷன் பெண்கள் இருவர். "நானும் பாத்தேன்." "நானுந்தான்." நேற்று ஒரே குரலில் கத்திப் பழகியிருந்தார்கள் அல்லவா, இன்று தனித்தனியாகவும் வந்தது.

அம்மா ஜெயராஜ் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை.

"என் பிள்ளைய அடிக்கதுக்கு ஊர்ல எனக்குத் தெரியாதா? அதுக்கு உன்னய எதுக்குய்யா இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வரச் சொன்னேன்?"

முதலாளி அன்றே ஜெயராஜைப் பெண்கள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து எடுத்துத் துணி குடோனுக்கு மாற்றினார். துணி உருளைகளிடம் கை நீட்டினால் கைதான் வலிக்கும். இன்று உங்களுக்கு முறையான விசாரணை, கமிட்டி எல்லாம் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடாதீர்கள், எங்களுக்கு அவை இல்லாததால் குங்குமத்தை நம்ப வேண்டியிருந்தது. அயர்ன் டேபிள்களுக்கு எர்த் கம்பி போட்டு, கீழே ரப்பர் விரிப்பு போட்ட பிறகுதான் மெயினைப் போட்டார்கள். பெண்கள் தங்குவதற்குப் பாத்திமா அக்கா தன் தெருவிலேயே ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார். அம்மா அந்த வீட்டையும் போய்ப் பார்த்து, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்து, பாத்திமா அக்காவிடம், "பிள்ள ராத்திரி சாப்பிடாம படுத்தா நாலு ஏச்சு ஏசுங்க" என்று ஒப்படைத்துவிட்டு வந்தார்.

மாலையில் அவரைப் பஸ் ஏற்ற நானும் எஸ்தரும் போனோம். மஞ்சள் பையை வாங்கி உள்ளே வைத்தேன். அந்த அம்மா என்னை மேலிருந்து ஷூ வரை ஒருமுறை பார்த்தார்.

"நீங்க இங்க என்ன வேல பாக்கிய?"

தொழிலாளர் நலன், பாதுகாப்பு, பையர் விதிமுறை என்று மனதுக்குள் ஒரு பிரசங்கத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் எஸ்தர் சொல்லிவிட்டாள்.

"நாம ஒண்ணு சொன்னா, யாரு சொன்னான்னு சார் வெளிய சொல்ல மாட்டாவ."

அம்மா நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"இதுக்கா சம்பளம் குடுக்காவ?"

ஆமாம், தம்பி தங்கைகளே. இதற்குத்தான் கொடுக்கிறார்கள். கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.